பத்தியம், அனுபானம், முறிவு: மருந்தும் உணவும் பற்றிய மூன்று வழக்குகள்

1. தோற்றுவாய்

தமிழ்நாட்டு ஊர்களில் மருந்து பெறும் நோயாளர் மருத்துவரை நோக்கி வினவும் வினா ஒன்று உண்டு. 'இதற்குப் பத்தியம் என்ன?' என்பதே அது. தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடமும் அதனைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களும் இதற்கு விலக்கல்ல. முன்னர்ச் சங்கரன்கோயில் வட்டத்தைச் சார்ந்து திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்தது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் பயின்ற இக்கரிசற் பகுதியில், நாட்டு மருத்துவர் தந்த சூரணத்திற்குக் கேட்கப்பட்ட அதே வினா இன்று அரசு மருத்துவமனை தரும் மாத்திரைக்கும் கேட்கப்படுகின்றது.

இவ்வினாவிற்கு இருவகை விடைகள் வழங்குகின்றன. ஒன்று, 'ஆங்கில மருந்துக்குப் பத்தியம் இல்லை. எல்லாம் உண்ணலாம்' என்பது. மற்றொன்று, புளி, உப்பு, மீன், கீரை, பால் எனப் பலவற்றையும் ஒருசேர விலக்குவது. முன்னது மருந்தின் இயல்பை மறந்தது. பின்னது நோயாளியின் உடல்வலியை மறந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட உண்மை யாது? அதனை உணர்த்தும் சொற்கள் நம் மொழியில் உளவா? அச்சொற்கள் குறித்த செய்திகள் இருபதாம் நூற்றாண்டு ஆய்வுகளில் எங்ஙனம் விளக்கம் பெற்றன? இவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல்லும் பொருளும்

பத்தியம் எனத் தமிழில் எழுதப்படும் சொல் உண்மையில் இரு சொற்களாகும். செய்யுளைக் குறிக்கும் பத்தியம் ஒன்று. மருத்துவத்திற் பயிலும் பத்தியம் மற்றொன்று. வடமொழியில் ஒலி வேறுபட்ட இவ்விரண்டும் தமிழ் எழுத்தில் ஒருவடிவின ஆயின. மருத்துவச் சொல், வழி எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. வழியினின்று விலகாதது, தக்கது என்பது அதன் முதற்பொருள். அதன் மறுதலை அபத்தியம்.

ஈண்டு ஒரு பொருள்மாற்றம் நோக்கற்பாலது. முதற்பொருளின்படி பத்தியம் என்பது உண்ணத்தக்க உணவு. மகப்பேற்றுக்குப்பின் தாய்க்கு ஆக்கிப் படைக்கும் 'பத்தியச் சோறு' என்னும் வழக்கில் இப்பொருள் இன்றும் நிலைத்துள்ளது. ஆனால் 'பத்தியம் இருத்தல்', 'கடும்பத்தியம்', 'உப்பில்லாப் பத்தியம்' என்னும் வழக்குகளில் விலக்குதலே பொருளாயிற்று. மருந்து முடிந்த பின்னரும் சில நாள் காக்கும் ஒழுங்கினை மறுபத்தியம் என்றனர். கொள்ளுதலைக் குறித்த சொல் தள்ளுதலைக் குறிக்கத் தொடங்கியமையால், தக்கதை உண்ணுதல் என்னும் கருத்துப் பின்தள்ளப்பட்டு, உணவைக் குறைத்தலே பத்தியம் என்னும் எண்ணம் மக்களிடை வேரூன்றியது.

இரண்டாம் சொல் அனுபானம். பின்தொடர்ந்து பருகுவது என்பது அதன் சொற்பொருள்; தமிழில் துணைமருந்து எனலாம். தேன், நெய், பால், வெந்நீர், இஞ்சிச்சாறு, வெற்றிலைச்சாறு முதலியன அனுபானமாக வழங்குவன. ஒரே மருந்து அனுபானம் வேறுபடுதலால் வேறு நோய்க்கு உரியதாகும் என்பது சித்த மருத்துவர் கொள்கை.

மூன்றாம் சொல் முறிவு. இது தூய தமிழ்ச்சொல். நஞ்சின் ஆற்றலைக் கெடுப்பது நச்சுமுறிவு. அவ்வாறே மருந்தின் ஆற்றலைக் கெடுப்பதையும் 'மருந்தை முறிக்கும்' என்பர். அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்னும் நம்பிக்கை தமிழகமெங்கும் பரவியுள்ளது. மருந்துண்போர் அதனை விலக்குவர்.

இம்மூன்று சொற்களையும் ஒருங்கு வைத்து நோக்கின், உணவு மருந்துக்குத் துணையாதல், உணவு மருந்தைக் கெடுத்தல் என்னும் இரண்டற்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு என்பது பெறப்படும். உணவோடு சேர்ந்து மருந்தே தீங்கு விளைத்தல் என்னும் மூன்றாவதற்கு மட்டும் தனிச்சொல் நிலைபெறவில்லை. அபத்தியம் என்னும் பொதுச்சொல்லே அதனையும் தழுவி நின்றது.

3. திருக்குறளும் பரிமேலழகர் உரையும்

மருந்து என்னும் தலைப்பில் திருவள்ளுவர் வகுத்த தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தில், 942 முதல் 947 வரையுள்ள ஆறு குறட்பாக்களும் உணவைப் பற்றியனவே. நோயை ஆராய்தலும் மருத்துவத்தின் உறுப்புகளும் அவற்றின் பின்னரே கூறப்படுகின்றன. அற்றது அறிந்து உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல், மாறுபாடில்லாதவற்றை உண்ணுதல் என்னும் மூன்றும் அவ்வாறு குறட்பாக்களின் உள்ளீடு.

இவற்றுள் மாறுபாடு என்னும் சொல் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. எதனோடு எது மாறுபடுவது? பரிமேலழகர் இதற்கு மூன்று விடை தருகின்றார். உண்பவனுடைய உடலியல்போடு மாறுபடுதல் ஒன்று; பருவத்தோடும் பொழுதோடும் மாறுபடுதல் ஒன்று; உண்ணப்படும் பொருள்கள் சுவையாலும் ஆற்றலாலும் தமக்குள்ளேயே மாறுபடுதல் ஒன்று. மூன்றாவதற்கு, தேனும் நெய்யும் ஒத்த அளவிற் கூடி நஞ்சாதலை எடுத்துக்காட்டுகின்றார். இவ்வெடுத்துக்காட்டு அக்கால மருத்துவக் கொள்கையைச் சார்ந்தது. அதனினும் அதன் பின்னுள்ள கருத்தே நமக்கு வேண்டுவது. தனித்தனியே தீங்கற்ற இரு பொருள்கள் வயிற்றில் ஒன்றுசேருங்கால் தீங்காதல் கூடும் என்பது அக்கருத்து. இதனை உடலியல்பாலும் பருவத்தாலும் வரும் மாறுபாட்டினின்று பிரித்துத் தனிவகையாக வைத்தமை உரையாசிரியரின் நுண்மாண் நுழைபுலத்தைக் காட்டும்.

எனினும் பிற்கால வழக்கில் இப்பாகுபாடு மங்கியது. நோய்க்கு ஆகாத உணவும், மருந்துக்கு ஆகாத உணவும் பத்தியம் என்னும் ஒரு சொல்லுள் அடங்கின. ஒரு மீனை விலக்குமாறு கூறின், அது நோயை மிகுவிக்கும் என்பதனாலா, மருந்தோடு பொருந்தாது என்பதனாலா என வினவுவார் இலராயினர். இவ்விரண்டையும் மீண்டும் பிரித்துக் காட்டியது காசநோய் பற்றிய இருபதாம் நூற்றாண்டு ஆய்வு. அதன் முதற்களம் சென்னை. இரண்டாவது களம் இலங்கை.

4. சென்னை ஆய்வு

காசநோய்க்கு நல்லுணவும் நற்காற்றும் ஓய்வுமே மருந்து என உலகெங்கும் கருதிய காலம் ஒன்று இருந்தது. நோயாளரை ஆரோக்கிய நிலையங்களில் மாதக்கணக்கில் வைத்துப் பாலும் முட்டையும் ஊட்டுதல் அக்கால முறை. பத்தியச் சோறு என்னும் கருத்தின் மேனாட்டு வடிவம் இஃது எனலாம். 1952-இல் ஐசோநயசிட் என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. விலை மலிவான இம்மருந்தை நோயாளர் வீட்டிலிருந்தே உண்ணலாமா, வறியவர் வீட்டுணவு அதற்குப் போதுமா என்னும் வினாக்கள் எழுந்தன.

இவற்றிற்கு விடை காணும்பொருட்டு 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நல நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் இணைந்து இதனை நடத்தின. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தொடக்கத்தில் இதனை வழிநடத்தினார். தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என இன்று வழங்குவது இம்மையமே.

193 நோயாளர் இரு பிரிவாகப் பகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஆரோக்கிய நிலையத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றையோர் நெருக்கமான தம் குடியிருப்புகளிலேயே தங்கி, தமக்குக் கிடைத்ததை உண்டனர். இரு பிரிவினர்க்கும் ஓராண்டு ஒரே மருந்துகள் தரப்பட்டன. 1959-இல் வெளியான முடிவின்படி, நிலையத்தாருள் 92 விழுக்காட்டினரும் வீட்டாருள் 86 விழுக்காட்டினரும் நோய்க்கிருமி அடங்கப்பெற்றனர். பின்வந்த ஆண்டுகளில் இச்சிறு வேறுபாடும் மறைந்தது. வீட்டாரின் உணவு ஆற்றலளவிலும் புரதத்திலும் தாழ்ந்திருந்தும் மருந்து தன் தொழிலைச் செய்தது. உலகின் பல நாடுகளில் ஆரோக்கிய நிலையங்கள் மூடப்பட்டு, வீட்டுச் சிகிச்சை பரவியதற்கு இவ்வாய்வு காரணமாயிற்று.

இதனைக் கொண்டு உணவு வேண்டா எனக் கொள்ளுதல் பிழை. ஜார்க்கண்டு மாநிலத்தில் நிகழ்ந்து 2023-இல் வெளியான ஆய்வொன்று, காசநோயாளர் குடும்பத்தினர்க்கு உணவுப்பொருள் வழங்கியதனால் அவரிடையே புதிதாக நோய் தோன்றுதல் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது எனக் காட்டியது. ஆகவே உணவு உடலைக் காப்பது. மருந்து கிருமியை அழிப்பது. இரண்டும் தத்தம் தொழில் உடையன. நோய்க்குரிய பத்தியம் வேறு, மருந்துக்குரிய பத்தியம் வேறு என்னும் பாகுபாடு இவ்வாற்றான் தெளிவுற்றது.

சென்னை மையத்தின் பிறிதோர் ஆய்வும் ஈண்டுக் கூறத்தக்கது. ஐசோநயசிட்டு உடலிலுள்ள வைட்டமின் ஆறாம் வகையின் தொழிலைத் தடுப்பது. மிக்க அளவில் அம்மருந்தை உண்டார் சிலர்க்குக் கைகால்களில் எரிச்சலும் மரப்பும் தோன்றின. நாள்தோறும் 6 மில்லிகிராம் வைட்டமினைச் சேர்த்துத் தந்தால் அத்துன்பம் வாராது என 1963-இல் அம்மையத்தார் நிறுவினர். உணவு மருந்தை முறிப்பதேயன்றி, மருந்தும் உணவுச் சத்தை முறிக்கும் என்பது இதனாற் புலனாகும். அதனை ஈடுசெய்யச் சேர்த்துத் தரும் வைட்டமினை இக்கால அனுபானம் எனக் கூறின் அது மிகையன்று.

5. இலங்கையில் சூரை மீன்

சென்னை ஆய்வு காசநோயாளியை உணவுக் கட்டுப்பாட்டினின்று பெரிதும் விடுவித்தது. ஆனால் அதே ஐசோநயசிட்டுக்கு உண்மையான அபத்தியம் ஒன்று உண்டு என்பது பின்னர் இலங்கையில் வெளிப்பட்டது. அம்மருந்தை உண்டுவந்த நோயாளர் சிலர், சூரை மீன் உண்ட சிறிது நேரத்தில் முகமும் கண்ணும் சிவந்து, தலைவலியும் நெஞ்சுப் படபடப்பும் அரிப்பும் உற்றனர். மருந்தின் ஒவ்வாமை எனக் கருதி அதனை நிறுத்திவிடவும் கூடிய நிலை அது. உரகொட, கொத்தேகொட என்னும் இரு மருத்துவ அறிஞர் இதனை ஆராய்ந்து 1977-இல் காரணம் விளக்கினர்.

சூரை இனத்து மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. பிடித்த மீன் பனிக்கட்டியில் வையாது வெப்பத்திற் கிடப்பின், நுண்ணுயிர்கள் அதனை ஹிஸ்டமின் என்னும் பொருளாக மாற்றும். சமைத்தாலும் இது அழியாது. உடல்நலம் உடையார் குடலிலுள்ள நொதி ஓரளவு ஹிஸ்டமினைச் சிதைத்துவிடும். ஐசோநயசிட்டோ அந்நொதியைத் தடுப்பது. ஆதலின் பிறர்க்குத் தீங்கு செய்யாத அளவும் இம்மருந்துண்பார்க்குத் தீங்காகின்றது. மீனும் நஞ்சன்று, மருந்தும் நஞ்சன்று, இரண்டும் கூடியவிடத்து நஞ்சின் தன்மை தோன்றுகின்றது. பரிமேலழகர் வகுத்த மூன்றாம் மாறுபாட்டிற்கு இதனினும் பொருத்தமான காட்டு வேறில்லை.

கடலினின்று அகன்ற கரிசற் பகுதிக்கு இச்செய்தி பெரிதும் உரியது. மீன் கரையினின்று சந்தைக்கு வரும் வழி நீளுந்தோறும், குளிர் குறையுந்தோறும் ஹிஸ்டமின் மிகும். ஆகவே திருவேங்கடத்துக் காசநோயாளி ஒருவர்க்கு 'மீனே கூடாது' என்பதும் சரியன்று. 'எதுவும் உண்ணலாம்' என்பதும் சரியன்று. சூரை போன்ற மீன்களை, அவற்றுள்ளும் பழையனவற்றை விலக்குக என்பதே சரியான விடை. புரதம் வேண்டிய நோயாளியிடமிருந்து எல்லா மீனையும் பறித்தல் அவரை மெலிவிக்கும். விலக்க வேண்டிய ஒன்றைக் கூறாது விடுதலோ, அவர் அஞ்சி மருந்தையே கைவிடுதற்கு ஏதுவாகும். காசநோய் மருந்தை இடையில் நிறுத்துதல் நோய் மீளுதற்கும், மருந்துக்கு அடங்காத கிருமி தோன்றுதற்கும் வழி என்பது யாவரும் அறிந்தது. ஒரு சொல்லின் தெளிவின்மை உயிரளவும் செல்லுதல் இவ்வாறு.

மேனாட்டிலும் இத்தகைய செய்திகள் அறியப்பட்டன. ஐசோநயசிட்டோடு ஒருங்கு காசநோய்க்கு ஆராயப்பட்ட அதன் இனமருந்தொன்று, நோயாளரின் உளச்சோர்வை நீக்குவதாகக் காணப்பட்டது. அதன்வழித் தோன்றிய மருந்துகளை உண்டோர் சிலர்க்குக் கடுந்தலைவலியும் குருதியழுத்த மிகுதியும் நேர்ந்தன. பழகிய பாலாடைக்கட்டியில் உள்ள டைரமின் என்னும் பொருளே காரணம் என்பது 1963-இல் இலண்டனில் பிளாக்வெல் என்பார் தொடங்கிய ஆய்வால் வெளிப்பட்டது. 1989-இல் கனடா நாட்டில், மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்புரூட் பழச்சாற்றைப் பயன்படுத்திய ஆய்வொன்றில், பெலோடிபின் என்னும் குருதியழுத்த மருந்தின் அளவு குருதியில் எதிர்பாராது உயர்ந்தது. குடற்சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அப்பழச்சாறு செயலறச் செய்கின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கிரேப்புரூட்டின் தாய்மரங்களுள் ஒன்று நம் நாட்டுப் பம்பளிமாசு. அந்நொதியைத் தடுக்கும் பொருள்கள் பம்பளிமாசிலும் உள்ளன. ஆதலின் இதனை மேனாட்டார்க்கே உரிய செய்தி எனத் தள்ளுதல் இயலாது.

6. முறிவு

இனி, உணவு மருந்தின் ஆற்றலைக் குறைத்தலைக் காண்போம். டெட்ராசைக்கிளின் என்னும் மருந்து பாலிலுள்ள சுண்ணச்சத்தோடு பிணைந்து குடலில் உறிஞ்சப்படாது கழியும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு கொள்ளின், தேயிலையின் துவர்ப்பொருள் இரும்பைப் பற்றிக்கொள்ளும். ஐசோநயசிட்டு, ரிஃபாம்பிசின் ஆகிய இரண்டும் வெறுவயிற்றில் நன்கு உறிஞ்சப்படுவன. உணவோடு கொள்ளின் அளவு குறையும். இவை யாவும் முறிவு என்னும் தமிழ்ச்சொல்லால் உணர்த்தற்கு உரியன.

அகத்திக்கீரை பற்றிய நம்பிக்கையை இவ்விடத்து மீண்டும் எண்ணுதல் தகும். அக்கீரை 100 கிராமில் சுண்ணச்சத்து ஏறத்தாழ 1 கிராம் உண்டு. கீரைகளுள் இது மிக உயர்ந்த அளவு. சுண்ணச்சத்து சில மருந்துகளைப் பிணிக்கும் என்பது மெய். இதனால் பழைய மருந்துகள் அனைத்தையும் அகத்தி முறிக்கும் என நிறுவப்பட்டதாகாது. எனினும், இந்நம்பிக்கையை ஆராயாது நகைத்தலும் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று.

முறிவு பற்றிய செய்திகளுள் வார்ஃபரின் மருந்தினது தனித்தன்மை வாய்ந்தது. குருதி உறைதலைத் தடுக்கும் இம்மருந்தினைக் கீரைகளில் மிகுந்துள்ள வைட்டமின் கே எதிர்க்கும். ஆதலின் கீரையை அறவே விலக்க வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். மருத்துவர் கூறுவது வேறு. உண்ணும் கீரையின் அளவு நாளுக்கு நாள் பெரிதும் மாறாதிருத்தல் வேண்டும். அவ்வளவிற்கு ஏற்ப மருந்தின் அளவு வகுக்கப்படும். ஒருவர் கீரையைத் திடீரெனக் கைவிடினும் தீங்கு. திடீரென மிகுதியாக உண்ணினும் தீங்கு. விலக்குதல் அன்று, அளவு மாறாமையே இங்குப் பத்தியம். மிகினும் குறையினும் நோய் என்னும் வள்ளுவர் கருத்தோடு இஃது ஒத்து நிற்றல் காண்க.

7. அனுபானமும் திரிகடுகமும்

பதினெண்கீழ்க்கணக்கினுள் நல்லாதனார் இயற்றிய திரிகடுகம், சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றன் கூட்டினால் பெயர் பெற்றது. அம்மூன்றும் உடல்நோயைத் தீர்ப்பது போல ஒவ்வொரு பாட்டிலும் வரும் மூன்று பொருள்கள் உளநோயைத் தீர்க்கும் என்பது பெயர்க்காரணம். சித்த, ஆயுர்வேத மருந்துகள் பலவற்றில் இக்கூட்டு இடம்பெறுதல் ஏன் என்னும் வினாவை, ஜம்மு வட்டார ஆராய்ச்சிக்கூடத்தைச் சார்ந்த அடல் முதலியோர் எழுப்பினர். மற்ற மருந்து உடலிற் சேர்தலை இது மிகுவிக்கின்றது போலும் என அவர்கள் கருதினர். 1981-இல் வெளியான அவர்தம் ஆய்வில், ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் பொருள் திப்பிலியோடு தரப்பட்டபோது குருதியில் அதன் அளவு ஏறத்தாழ 233 விழுக்காடு உயர்ந்தமை காணப்பட்டது. மிளகிற்கும் திப்பிலிக்கும் பொதுவான பைப்பரின் என்னும் பொருளே இதற்குத் தலைமையான காரணம்.

இவ்வாராய்ச்சி காசநோய் மருந்துக்கே பயன்பட்டது. பைப்பரினைச் சேர்த்தலால் ரிஃபாம்பிசினைக் குறைந்த அளவிற் கொடுத்தல் இயலும் என்னும் கருத்தில், 200 மில்லிகிராம் ரிஃபாம்பிசினும் 300 மில்லிகிராம் ஐசோநயசிட்டும் 10 மில்லிகிராம் பைப்பரினும் அடங்கிய கூட்டு மருந்து 2009-ஆம் ஆண்டளவில் இந்தியாவில் வெளிவந்தது. பழைய அனுபானக் கொள்கை புதிய மாத்திரையினுள் புகுந்த வரலாறு இது.

இதனைக் கண்டு மகிழ்தல் இயல்பு. ஆயினும் எச்சரிக்கையும் வேண்டும். மருந்தை மிகுவிக்கும் பொருள், மிகுதல் ஆகாத மருந்தையும் மிகுவிக்கும். அளவு சிறிது கூடினும் தீங்கு தரும் மருந்துகளை உண்போர், திப்பிலிச் சூரணத்தையோ மிளகுக் கூட்டையோ மருத்துவர்க்கு உரையாது மருந்தாக உடன்கொள்ளுதல் தகாது. சமையலில் இடும் சிறிதளவு மிளகு வேறு. மருந்தளவிற் கொள்ளும் சூரணம் வேறு. கிரேப்புரூட் சாறு செய்யும் தீங்கும் திப்பிலி செய்யும் நன்மையும் ஒரே வாயிலின் வழி நிகழ்வன. அனுபானம் ஆவதும் அபத்தியம் ஆவதும் உடன்சேரும் மருந்தையும் அளவையும் பொறுத்தன.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மருந்துக்கும் உணவுக்கும் உள்ள உறவை மூன்று வகையாகப் பகுத்துணர வேண்டும் என்பது போதரும். உணவு மருந்தின் ஆற்றலைக் குறைப்பது முறிவு. உணவு மருந்துக்கு நன்மையுறத் துணைநிற்பது அனுபானம். உணவோடு கூடி மருந்து தீங்காவது அபத்தியம். இம்மூன்றின் வேறாக, நோய்க்கும் உடலுக்கும் தக்க உணவைக் கொள்ளுதல் பத்தியம் என்னும் சொல்லின் முதற்பொருளாகும். நான்கையும் பத்தியம் என ஒரு சொல்லால் வழங்கியதனால் நேர்ந்த மயக்கத்தைச் சென்னை ஆய்வும் இலங்கை ஆய்வும் இரு திசையினின்றும் நீக்கின. வேண்டாத விலக்கை ஒன்று ஒழித்தது. வேண்டிய விலக்கை மற்றொன்று காட்டியது.

பண்டையோர் கூறிய பத்தியம் யாவும் மெய் என்பதோ, யாவும் பொய் என்பதோ நம் கருத்தன்று. ஒவ்வொரு விலக்கும் எம்மருந்தைக் குறித்தது, எக்காரணம் பற்றியது என வினவித் தெளிதலே முறை. இதில் தமிழாராய்ச்சியாளர்க்கும் பங்கு உண்டு. கரிசல் வட்டாரத்திலும் பிறவிடங்களிலும் வழங்கும் பத்தியச் சொற்களை, இன்ன மருந்துக்கு இன்ன உணவு என்னும் குறிப்போடு தொகுத்தல் வேண்டும். இத்தொகுப்பு அகராதிக்கு மட்டுமன்றி மருத்துவ ஆராய்ச்சிக்கும் கருவியாகும். மருந்துச் சீட்டில் 'முறிவு', 'அபத்தியம்' என்னும் சொற்களைப் பிரித்துக் குறிப்பின், கற்றாரும் கல்லாரும் எளிதில் உணர்வர்.

திருவேங்கடத்து நோயாளி கேட்கும் வினா அறியாமையின் விளைவன்று. நெடுங்காலப் பட்டறிவின் வழிவந்தது. அதற்கு 'ஒன்றுமில்லை' எனச் சுருங்க விடையிறுத்தலினும், அவர் உண்ணும் மருந்திற்கு உரிய விடையை அவர் அறிந்த சொல்லாலேயே கூறுதல் மருத்துவர் கடன். அச்சொல்லின் பொருளை வரையறுத்துக் கொடுத்தல் நம் கடன்.